மூச்சு முட்டாத கபடிக்காரன்

உங்கட பேய்க் கதையில, வாவியில் மூழ்கிச் செத்தவன் கபடி ஆடுறான், எல்லா ஆட்டத்தையும் வெல்றதால கதை சப்பெண்டு இருக்கு எண்டு எழுதியிருந்தீங்க. செத்தவனுக்கு ஏது மூச்சு? ஏறிப் போனா அதுக்குரிய 30 விநாடியும் மூச்சு விடாம "கபடி கபடி" எண்டு பாடுவான். பிழை அங்கதான்.

ஆனா பாட்டு நடுவருக்குக் கேட்கோணும். கேட்காட்டித் திருப்பி அனுப்பி, எதிரணிக்குப் புள்ளி குடுப்பார். அந்த விதியைப் பிடியுங்க. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில மீன் பாடும் எண்டுற பறுவ (முழுநிலா) இரவில மட்டும் இவன்ட குரல் மனுசக் காதுக்கு எட்டட்டும். மற்ற நாளில வாய் அசையும், சத்தம் வராது. தோற்பான்.

முன்கதை மூண்டு வரி போதும்: யார்ட தோணி, என்ன வலை, கரையில காத்திருந்தது யார்.

"பழிவாங்க வந்தேன்" எண்டு பேசவிடாதீங்க, அது சினிமாப் பேய். ஆட்டத்துக்குக் கூப்பிட்டா, "கால் இன்னும் காயல்ல, மறுகா வாறன்" எண்டு சொல்லட்டும். நடுக்கோட்டில ஈரத்தடம்.