மூட்டு ஆபரேஷனும் நரம்பு பிளாக்கும்: மயக்க டாக்டரிடம் கேளுங்கள்

தர்மபுரியில் மயக்க டாக்டராக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் பார்க்கப் போனால், கத்தி பிடிப்பது யார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் ஞாபகம் வலி வந்த பிறகுதான் வரும். மூட்டு ஆபரேஷனுக்குப் போடும் நரம்பு பிளாக் ஊசி, அதாவது நரம்பைச் சுற்றி மருந்து போட்டு அந்தப் பகுதியை மட்டும் மரக்க வைக்கும் ஊசி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் பொதுவான விஷயங்கள். மருந்தும் அளவும் உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வது.

கேள்வி (பாலக்கோடு): அம்மாவுக்கு 64 வயது. அடுத்த மாதம் சேலத்தில் இடது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஒரு ஊசி, தொடையில் ஒரு ஊசி என்கிறார்கள். முதுகு ஊசியிலேயே மரத்துவிடுமே, தொடையில் எதற்கு? பில்லை ஏற்றவா?

பதில்: பில்லுக்காக இல்லை. முதுகு ஊசி ஆபரேஷனுக்கு, தொடை ஊசி அதற்குப் பிறகு வரும் ராத்திரிக்கு. முதுகில் போடும் மருந்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் தாங்கும். மூட்டு மாற்றில் எலும்பையே அறுத்துப் பொருத்துகிறோம். அந்த வலியின் உச்சம் முதல் ஒன்றிரண்டு நாள். அதை முழுக்க மார்ஃபின் வகை மருந்தாலேயே சமாளித்தால் வாந்தி, மலச்சிக்கல், தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வரும். தொடை ஊசிதான் நரம்பு பிளாக். அதைப் போட்டால் அந்த மருந்தின் தேவை குறைகிறது.

போடும் விதம் இதுதான். தொடையின் நடுவில், உள்பக்கமாக, சில்லென்று ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைப்போம். ரத்தக்குழாய் கருப்பு வட்டமாகத் துடிப்பது திரையில் தெரியும். அதை ஒட்டி வெள்ளையாக நரம்பு. ஊசி நுனி அதன் பக்கத்தில் போனதும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவோம். 15 முதல் 20 மில்லி. மருந்து நரம்பைச் சுற்றிக் கருப்பாக விரிவது கண்ணுக்கே தெரியும். ஸ்கேன் இல்லாத காலத்தில் இதையெல்லாம் தொட்டுப் பார்த்தும், கரண்ட் கொடுத்துத் தசை துடிப்பதைப் பார்த்தும் போட்டார்கள்.

அதே நபர்: சரி டாக்டர். கால் செத்தது மாதிரி கிடக்குமா? மறுநாளே நடக்க வைப்பார்கள் என்கிறார்களே?

பதில்: நல்ல கேள்வி. முன்பெல்லாம் இடுப்பு மடிப்பில், தொடை நரம்பு தொடங்கும் இடத்திலேயே போடுவோம். வலி நன்றாக அடங்கும், ஆனால் முன்தொடைத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்தவர்கள் உண்டு. தலைமடையை அடைத்தால் எல்லா வயலுக்கும் தண்ணீர் நிற்கும், கடைமடையை அடைத்தால் ஒரு வயலுக்கு மட்டும்தான். அதனால் இப்போது தசைக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் பிரிந்த பிறகு, நடுத்தொடையில் போடுகிறோம். காலைத் தூக்க முடியும், வாக்கர் பிடித்து நிற்க முடியும். ஆனாலும் முதல் தடவை எழும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் எழ விடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி முழங்காலின் முன்பக்க வலிக்குத்தான். முழங்கால் மடிப்புக்குப் பின்னால் வலி இருந்தால் பிளாக் வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அதற்குத் தனியாக மூட்டின் பின்புறத்தில் மருந்து போடும் முறை இருக்கிறது. போடுவீர்களா என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): என் மாமாவுக்கு ஃப்ளோரைடு பாதிப்பு. முதுகு, கழுத்து இரண்டும் கட்டை போல விறைத்திருக்கிறது. முதுகில் ஊசி போடுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் முழங்கால் ஆபரேஷனே கிடையாதா?

பதில்: கிடையாது என்று இல்லை. இது நம்ம மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன் பல கிராமங்களில் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படியும். அளவு ரொம்ப அதிகமாக இருந்தால், முதுகெலும்பைப் பிணைக்கும் நார்களிலும் சுண்ணாம்பு படிந்து இறுகும். ஊசி உள்ளே போவதற்கான இடைவெளியே அடைத்துப்போகும். கழுத்து விறைத்திருந்தால் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் போடுவதும் சிரமம்.

இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் நரம்பு பிளாக் வெறும் வலி நிவாரணமாக இல்லாமல் ஆபரேஷனுக்கே கை கொடுக்கிறது. காலுக்குப் போகும் நரம்புகளைத் தனித்தனியாக மரக்க வைக்கலாம். நேரம் பிடிக்கும், அனுபவமுள்ள கை வேண்டும். முதுகிலும் நடுவில் போகாமல் பக்கவாட்டில் முயற்சி செய்யலாம். கேமரா வைத்துக் குழாய் போடும் வசதியும் தயாராக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். மாமாவுக்கு இப்போதே கால் மரமரப்போ பலவீனமோ இருக்கிறதா? இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னால் ஊசியால் வந்ததா, பழையதா என்ற குழப்பம் வராது.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): அப்பாவுக்குப் பெங்களூரில் தோள்பட்டை ஆபரேஷன். காலை 10 மணிக்குப் பிளாக் போட்டார்கள். சாயங்காலம் வலியே இல்லை, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ராத்திரி இரண்டு மணிக்குத் துடித்துவிட்டார். ஆபரேஷன் ஏதும் தவறிவிட்டதா?

பதில்: தவறியிருக்க வாய்ப்பு குறைவு. பிளாக் இறங்கியிருக்கிறது, அதாவது மருந்தின் வேலை முடிந்து மரப்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஊசியாகப் போட்ட மருந்து பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் தாங்கும். சிலருக்கு ஒரு நாள் கூட. கணக்குப் போட்டுப் பாருங்கள், காலை 10 மணிக்குப் போட்ட பிளாக் இறங்குவது ராத்திரி 10 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் நடுவில். அதுவும் படிப்படியாக இறங்காமல், சிலருக்கு ஒரேயடியாக இறங்கும். பூஜ்யத்திலிருந்து திடீரென்று வருவதால் வலி இரண்டு மடங்காகத் தெரியும்.

என்னைக் கேட்டால், பிளாக் போட்டவர்கள் படும் அவஸ்தையில் பெரும்பங்கு ஊசியால் வருவதில்லை, மாத்திரையைத் தள்ளிப்போடுவதால்தான் வருகிறது. வலி இல்லாதபோது மாத்திரை எதற்கு, கிட்னி கெட்டுவிடுமே என்று கவரைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். வலி வந்த பிறகு போட்டால் அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் ஆள் சோர்ந்துவிடுவார். எழுதிக் கொடுத்த மாத்திரையை வலி இல்லாவிட்டாலும் நேரப்படி போட வேண்டும். படுக்கும் முன் உள்ள டோஸை மட்டும் விடவே கூடாது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கினால் பிளாக் இறங்குகிறது என்று அர்த்தம். கிட்னி, அல்சர் தொந்தரவு உள்ளவர்கள் எந்த மாத்திரை ஆகாது என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் தேன்கனிக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டு எழுப்புவதைவிட அது சுலபம்.

கை மரத்திருக்கும் வரை கழுத்தில் மாட்டிய தூளியிலேயே இருக்கட்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. மாத்திரை போட்டும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கை இறுகி வீங்கினாலோ, விரல் நிறம் மாறினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (போச்சம்பள்ளி): எனக்கும் தோள்பட்டைக்குக் கழுத்தில் ஊசி போட்டார்கள். அந்தப் பக்கக் கண் இமை தொங்கிவிட்டது, குரல் கம்மியது. பக்கவாதமோ என்று வீடே பயந்துவிட்டது.

பதில்: கழுத்து நரம்புக்குப் பக்கத்திலேயே கண்ணுக்கும் குரல்வளைக்கும் போகும் நரம்புகள் இருக்கின்றன. மருந்து அங்கேயும் கசியும். பிளாக் இறங்கும்போது அதுவும் சரியாகிவிடும். மூச்சு விட உதவும் தசையான உதரவிதானமும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும், நல்ல நுரையீரல் இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஆஸ்துமா, பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்கள் இதைக் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு இடத்தில் போடுவோம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, காலும் தளர்ந்தாலோ அது வேறு விஷயம். உடனே 108.

கேள்வி (காவேரிப்பட்டினம்): பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நாளைக்குத்தான். அதுவரை வலிக்கு ஏதாவது?

பதில்: ஆபரேஷன் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, பிளாக்கை இப்போதே போடலாம். இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே தசை உறைக்கு அடியில் மருந்து. பெட்பேன் வைக்க, எக்ஸ்ரேக்குத் திருப்ப, முதுகு ஊசிக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்க என்று ஒவ்வொரு அசைவும் அவருக்கு நரகம். அதற்கெல்லாம் இது உதவும். வயதானவர்களுக்கு வலியும் தூக்க மருந்தும் சேர்ந்தால் ராத்திரியில் புத்தி தடுமாறிப் பேசுவார்கள், அந்த ஆபத்தும் குறையும். இடுப்பு மூட்டின் உறையைச் சுற்றி மட்டும் போடும் புதிய முறை ஒன்று 2018-ல் வந்தது, இப்போது பல இடங்களில் செய்கிறார்கள். டியூட்டி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (அரூர்): இருபது வருஷமாக சுகர். பாதம் எரிகிறது. பிளாக் போடலாமா?

பதில்: போடலாம். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு என்பதால் மருந்தின் அளவில் கவனம் தேவை, மரப்பும் கூடுதல் நேரம் இருக்கலாம். பிளாக் நீடிக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சேர்த்திருந்தால் ஒன்றிரண்டு நாள் சுகர் ஏறும், பயப்படாமல் சோதித்துக்கொண்டிருங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் போடுகிறேன். நானே நிறுத்திவிட்டுப் போகட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதுகு ஊசிக்கு 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்மைதான், ஆனால் அதை இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் பார்த்துத் தொடையில் மேலோட்டமாகப் போடும் பிளாக்குக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை.

கேள்வி (காரிமங்கலம்): நரம்பிலேயே குத்திவிட்டால்? ஆயுசுக்கும் கால் வராமல் போகுமா?

பதில்: நிரந்தர பாதிப்பு 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்கு என்பது கணக்கு. சில வாரம் மரமரப்பு இருந்து தானாகச் சரியாவது அதைவிட அதிகம். நான் அதிகம் கவனிப்பது வேறொன்று. மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் வாயைச் சுற்றி மரக்கும், நாக்கில் இரும்பு ருசி தெரியும், காது இரையும். மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும். அதனால்தான் ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். எந்த ஊர், என்ன வெள்ளாமை என்று கேட்டால் சும்மா கேட்கிறோம் என்று நினைக்காதீர்கள். வித்தியாசமாக எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் இருக்கிறது. பிளாக் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி (ஓசூர்): நரம்புக்குப் பக்கத்தில் மூன்று நாள் மருந்து சொட்டும் மெல்லிய குழாய் வைப்பார்களாமே? முதலமைச்சர் காப்பீட்டில் வருமா?

பதில்: வைப்பார்கள், எல்லா இடத்திலும் இல்லை. குழாய் நழுவும், கசியும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முதல் நாளைத் தாண்டியும் வலி கடுமையாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது நல்லது, மற்றவர்களுக்கு ஒற்றை ஊசியும் ஒழுங்கான மாத்திரையும் போதும். காப்பீட்டில் ஆபரேஷனுக்கென்று மொத்தமாகத் தொகை. மயக்கச் செலவும் அதற்குள்தான். அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் போய் விசாரியுங்கள்.

கேள்வி (மொரப்பூர்): காலையில் ஆபரேஷன். முந்தின ராத்திரி களி சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம் முன்பு வரை, கறிக்குழம்போடு களி என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் விட்ட காபி தண்ணீர்க் கணக்கில் சேராது.