அந்தமான் பேக்கேஜ்: முழுப் பணத்தையும் முன்பே கட்டலாமா?

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து, தை கடைசியில் இரண்டு குடும்பமாக எட்டுப் பேர் அந்தமான் போகிறோம். ஐந்து நாள் பேக்கேஜ். கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார்கள். ரசீதில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. நம்பிக் கட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மாதத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் அங்கே படகுகளை நிறுத்திவிடுவார்கள். தை, மாசியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

பணத்துக்கு முன்னால் பயணத் திட்டத்தை வாங்கிப் படியுங்கள். கடைசி இரவு எந்தத் தீவில் என்று பாருங்கள். ஹேவ்லாக், நீல் தீவுகளிலிருந்து, விமான நிலையம் இருக்கும் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) படகில்தான் வரவேண்டும். காலையில் படகு, மதியம் விமானம் என்று போட்டிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று அடித்துப் படகு நின்றால் எட்டு விமான டிக்கெட்டும் வீண். கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்கவேண்டும். அதை மாற்றித் தராத ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். ஸ்கூபா டைவிங்கையும் கடைசி நாளில் வைக்கக் கூடாது. ஆழத்தில் மூழ்கியவர்கள் 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது.

அடுத்து, எந்தப் படகு, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். தை மாதத்தில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கு ஹேவ்லாக்கில் இறங்கினால், அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு ராதாநகர் கடற்கரையை இருட்டில்தான் பார்க்கலாம். பேக்கேஜில் மட்டும் 'சூரிய அஸ்தமனம் உண்டு' என்று இருக்கும்! நீல் தீவின் பரத்பூர் கடற்கரைக்கு வேறு கணக்கு. வேளாங்கண்ணியில் ஓதம் (கடல்மட்டம்) ஏறி இறங்குவது நமக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தமானிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சுமார் 2 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் போனால் குளிக்க முடியாது, பாறையும் பவளமும்தான் காலில் குத்தும். ஓத நேரம் பார்த்துத்தான் திட்டம் போட்டாரா என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இனி பணம். முதலில் விமான டிக்கெட்டுக்கு மட்டும் கொடுங்கள். டிக்கெட் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். ஹோட்டல், படகு வவுச்சர்கள் கைக்கு வந்தபின் மீதி. தனி ஆளின் ஜிபேக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள்.

நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டால் அந்த அச்சடித்த வரியை அவர் காட்டலாம். சொன்ன ஹோட்டலைத் தராமல் வேறெங்கோ தங்கவைத்தால் அது சேவைக் குறைபாடு, அந்த வரி அவரைக் காப்பாற்றாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சிப்பிகளை எடுத்து வரலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். பவளம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்து ஒதுங்கிய துண்டானாலும் விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். சிப்பிப் பொருள் ஆசையென்றால் அனுமதி பெற்ற கடையில் வாங்கி, பில்லைக் கைப்பையில் வையுங்கள். பில் தர யோசிக்கிற கடையில் வாங்காதீர்கள்.