குடும்பப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு சேமிப்புச் சேர்வர்: கரண்ட், இடி, பல்லி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான்கு பேரின் போன் படங்கள், ஸ்கான் செய்த காணி உறுதிகள், அப்பம்மா காலத்துப் படங்கள், அக்காவின் சாமத்தியவீட்டு டிவிடிகள் எல்லாம் சேர்ந்து 700 ஜிகாபைட் அளவில் வரும். சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை இரவு பகலாக ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் போடலாமா? பில் எவ்வளவு கூடும்? கரண்ட் போய் வந்தால் பழுதாகாதா? அக்கா ரொறன்ரோவில் இருக்கிறா. அவவுக்கும் படங்கள் வேண்டுமாம்."

பழைய கணினியை விட்டுவிடுங்கள். அது சும்மா நிற்கும்போதே 60 வாட் அளவில் இழுக்கும் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1.44 அலகு, மாதத்துக்கு 43 அலகு. எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறபடியால், இந்த 43 அலகும் உங்கள் பாவனையின் மேல் படியில், கூடிய விலையில்தான் போய் உட்காரும். இன்டெல் என்100 சில்லு உள்ள ஒரு மினி பிசி, டிஸ்க்கோடு சேர்த்து 10 வாட் அளவில் ஓடும். அது மாதத்துக்கு 7 அலகு. உள்ளங்கை அளவுச் சின்னக் கணினியான ராஸ்பெரி பை இன்னும் குறைவாக எடுக்கும். ஆனால் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டைக் கொழுவினால் அதன் மின்சாரம் போதாமல் டிஸ்க் இடையிடையே காணாமல் போகும். சேமிப்பு வேலைக்கு நான் மினி பிசியைத்தான் சொல்வேன். 8 ஜிகாபைட் ரம் நினைவகம் இருந்தால் போதும்.

உள்ளே 2 டெராபைட் எஸ்எஸ்டி (சுழலாமல் சில்லிலேயே எழுதும் டிஸ்க்) ஒன்று, வெளியே யூஎஸ்பியில் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று. கடையில் இரண்டையும் ரெய்டு முறையில், அதாவது எழுதுவது எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும்படி, இணைத்துத் தருவதாகச் சொல்வார்கள், வேண்டாம். ரெய்டில் ஒரு டிஸ்க் செத்தாலும் சேர்வர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். யாராவது ஒரு அல்பத்தைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும். வீட்டுச் சேர்வர் ஒரு நாள் நின்றால் ஒருவருக்கும் நட்டமில்லை, படம் போனால்தான் நட்டம். அதனால் ஒவ்வொரு இரவும் ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியில் இருப்பதை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கட்டும். அது பழைய நிலைகளையும் வைத்திருக்கும், போன மாதம் அழித்ததைக்கூட மீட்கலாம். சேர்வருக்கு இயங்குதளமாக ஓப்பன் மீடியா வோல்ட், போன் படங்கள் தானாக வந்து சேர இம்மிச் என்ற மென்பொருள். இரண்டும் இலவசம்.

இனி கரண்ட். 2022இல் பட்ட மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்றைக்கு அந்த அளவு இல்லாவிட்டாலும், சட்டென்று போய் வருவதும் வோல்டேஜ் இறங்குவதும்தான் டிஸ்க்குக்குக் கூடாதது. கரண்ட் போனால் பற்றரியில் ஓடவிடும் யூபிஎஸ் ஒன்று, 650 விஏ அளவில், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் வகையாக வாங்குங்கள். பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வயர் இல்லாவிட்டால், பற்றரி முடியப்போவது சேர்வருக்குத் தெரியாது. வயரைக் கொழுவி நட் என்ற மென்பொருளைப் போட்டால், பற்றரி குறையும்போது சேர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மினி பிசியும் ரவுட்டரும் மட்டுமென்றால் அந்த யூபிஎஸ் கன நேரம் தாங்கும்.

பலரும் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகு வருவது. கரண்ட் திரும்பி வந்ததும் சேர்வர் தானாக எழும்ப வேண்டும். அதற்குக் கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ் அமைப்பில், மின்சாரம் வந்தால் இயங்கு என்று வைக்க வேண்டும். ஆனால் சேர்வர் அணைந்தபின் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டித்தால்தான் மின்சாரம் போய் வந்தது மினி பிசிக்குத் தெரியும். இல்லாவிட்டால் அது அணைந்தபடியே கிடக்கும், வாரக்கணக்கில் பிரதி எடுபடாமல் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் துண்டிப்பையும் நட்டிலேயே அமைக்கலாம். அமைத்தபின் சுவர்ச் சுவிட்சை நிறுத்தி, முழுச் சுற்றையும் ஒருமுறை நேரில் பாருங்கள். பற்றரி எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் இளைத்துவிடும், அப்போது மாற்றுங்கள்.

இடிக்கு யூபிஎஸ் மருந்தல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் முழங்கத் தொடங்கினால் சேர்வரை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கொண்டுவராது.

வைக்கும் இடம் நிலத்திலிருந்து உயரமாக, காற்றோட்டமாக, ஓட்டுக்கோ தகரத்துக்கோ நேர்கீழே இல்லாமல் இருக்கட்டும். பெட்டியின் துளைகளுக்கு நுண்வலை போடுங்கள். பல்லி உள்ளே போய்ப் பலகையைச் சுட்டுவிடும், எறும்பும் சூட்டைத் தேடி வரும்.

இனி அக்கா விஷயம். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வெளிக்கிட்ட வீடுகள் எங்கள் குடாநாட்டில் எத்தனை! 2008 நிஷா புயலில் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததும் தெரிந்ததே. இரண்டு பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவது பிரதி ரொறன்ரோவில் இருக்கட்டும். 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் 700 ஜிகாபைட் போய்ச் சேர இடைவிடாமல் ஆறரை நாள் எடுக்கும், டேட்டாவும் கரைந்துவிடும். அவ நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ரெஸ்டிக் பிரதி எடுத்த டிஸ்க் ஒன்றைக் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். ரெஸ்டிக் எல்லாவற்றையும் கடவுச்சொல்லால் பூட்டியே எழுதுவதால் வழியில் தொலைந்தாலும் பிறர் திறக்க முடியாது. அங்கே ஒரு ராஸ்பெரி பையில் அந்த ஒற்றை டிஸ்க்கைக் கொழுவி விட்டால், புதிதாகச் சேர்வது மட்டும் இரவில் இங்கிருந்து போகும். 4ஜி இணைப்பில் வெளியிலிருந்து வீட்டுக்குள் நேரே வர முடியாமல் இருக்கலாம். இரண்டு வீட்டுக் கருவிகளையும் ஒரே தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் அந்தச் சிக்கல் தீரும், அக்காவும் அதே வழியாக இம்மிச்சில் படங்களைப் பார்க்கலாம்.

ரெஸ்டிக் கடவுச்சொல்லை மறந்தால் ஒருவராலும் மீட்க முடியாது. தாளில் எழுதி உறுதிகளோடு வையுங்கள், அக்காவிடமும் ஒன்று இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு பழைய கோப்புறையைப் பிரதியிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

சாமத்தியவீட்டு டிவிடிகளுக்குச் சேர்வர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் எழுதிய டிவிடி வெக்கையிலும் ஈரத்திலும் சாயம் மங்கி வாசிக்க முடியாமல் போகும். அந்தப் பழைய மேசைக் கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால் அதற்கு இப்போதே வேலை கொடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்றொரு கருவி உண்டு, கீறல் விழுந்த இடத்தை ஒதுக்கி மிச்சத்தை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிப்பதும் உண்டு, ஆகவே ஒரு தரம் வாசிக்கவில்லை என்று டிவிடியை எறிந்துவிடாதீர்கள்.