2020 ஊரடங்கு தேவைதானா?

ஊரடங்கு என்பது ஆட்கள் கூடுவதைக் குறைத்து, தொற்று பரவும் வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடு. கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் பந்தி பந்தியாக உட்கார்ந்தால் பரிமாறிவிடலாம். மொத்தமாக நுழைந்தால் இலை போடவே இடமிருக்காது. ஆஸ்பத்திரிப் படுக்கையும் அப்படித்தான். தடுப்பூசி இல்லாத 2020 மார்ச்சில் அதற்கு நியாயம் இருந்தது என்பேன்.

சொதப்பல் எல்லாம் செய்த விதத்தில். மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் அமல். வெளிமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், முந்தின நாள் கோயம்பேடு சந்தையில் ஜனம் முண்டியடித்தது. அப்புறம் அந்தச் சந்தையே தொற்று மையமாகி, மே மாதம் மூடப்பட்டது. சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் வரை பள்ளி திறக்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

"ஊரடங்கு போட்டும் கொரோனா போகவில்லையே" என்று பலர் கேட்பதுண்டு. நோயை ஒழிப்பது அதன் வேலையே இல்லை, ஆஸ்பத்திரிகள் தயாராக அவகாசம் தருவதுதான்.