மகள் தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறாள்: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து, பிறகு தொல்லியல் படிக்க மகள் நினைக்கிறாள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையில் இந்தத் துறைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் சிலவே. 1890இல் தொடங்கிய தொல்பொருளியல் திணைக்களம், 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியம், தேசிய நூதனசாலைகள் திணைக்களம், பல்கலைக்கழகங்கள் ஆகியவைதான் முக்கியமானவை. இவற்றில் வெற்றிடங்கள் ஆண்டுதோறும் ஒழுங்காக வருவதில்லை. பெரிய கட்டுமானங்களுக்கு முன் நடக்கும் தொல்லியல் பாதிப்பு மதிப்பீடுகளிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்யும் அகழ்வுகளிலும் ஒப்பந்த வேலை கிடைக்கும். திட்டத்தின் பணம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகள் இப்படித்தான் போகும் என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவளுக்கு இந்த வேலை பொருந்துமா என்பது. வரலாறு பிடிக்கும் என்பது மட்டும் போதாது. ஓர் இடத்தை அகழ்ந்தால் அது அழிந்துவிடுகிறது; அதே மண்ணை இரண்டாம் முறை அகழ முடியாது. ஆகவே எடுத்த பொருளைவிட, அது கிடந்த இடத்தைப் பற்றிய பதிவுதான் பெறுமதியானது. ஐந்து மீற்றர் சதுரமாகக் கயிறு கட்டி, ஓரங்களில் அரை மீற்றர் விட்டு, நடுவில் நான்கு மீற்றரை மட்டும் தோண்டும் முறை இன்றும் பரவலாக இருக்கிறது. விட்ட ஓரத்தின் செங்குத்து முகத்தில்தான் மண்படைகளின் வரிசையைப் படிக்கிறோம். மண்வெட்டி மேல்மண்ணோடு நின்றுவிடும். பிறகு சாந்தகப்பையும் தூரிகையும்தான். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறிய இடத்தில் நிறுத்தி, புதிய இலக்கம் கொடுத்து, நிலையான ஒரு புள்ளியிலிருந்து மட்டம் அளந்து, படிவம் நிரப்பி, அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்துப் படம் எடுத்து, அதன் பிறகே கீழே இறங்க வேண்டும். தோண்டிய மண் முழுவதும் சல்லடைக்குப் போகும்.

பிழைகள் பெரும்பாலும் மாலை நேரத்தில், களைப்பில் வருகின்றன. பிற்காலத்தில் யாரோ வெட்டிய குப்பைக்குழியைக் கவனிக்காமல் தாண்டினால், அதிலுள்ள போத்தல் துண்டு பழைய மட்பாண்ட ஓட்டோடு ஒரே பையில் விழும். அந்தப் பையால் பிறகு பயனில்லை. காபன் காலக்கணிப்புக்கான கரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். அதற்குள் புதிய வேர் ஒன்று புகுந்திருந்தால் வயது குறைவாகக் காட்டும். சாதாரணப் பேனாவால் எழுதிய சீட்டு ஈரத்தில் அழியும் என்பதால், பென்சிலால் எழுதிப் பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சீட்டு வைப்பார்கள். ஒரே காரியத்தை நாள் முழுவதும் சலிக்காமல் இப்படிச் செய்யக்கூடிய பிள்ளையா என்று நீங்களே பாருங்கள். அது இருந்தால் மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் என்பது உங்கள் மகளுக்குப் பெரிய பலம். கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. பொலன்னறுவையில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையில் பிராமி எழுத்து இருக்கிறது. இவை போன்றவற்றை வாசிக்கப் பிராமியும், வட்டெழுத்தும், கிரந்தமும், பழைய தமிழ் எழுத்தும் வேண்டும். கல்லிலுள்ள எழுத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படி எடுக்கவும் பழக வேண்டும்: கல்லை நீரால் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, அரைகுறையாகக் காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். தாள் அதிக ஈரமாக இருந்தால் மை ஊறி எழுத்தை மறைத்துவிடும். அதிகம் காய்ந்தால் தாள் கழன்றுவிடும்.

ஆனால் தமிழோடு நின்றுவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். அரச சேவையில் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். களத்தில் தொழிலாளரோடு பேசவும் சிங்களம் வேண்டும், அறிக்கைக்கு ஆங்கிலம் வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை உள்ள நீண்ட இடைவெளியைச் சிங்களத்துக்கு ஒதுக்குங்கள்.

இரசாயனவியல் பிடித்த பிள்ளையென்றால் கலைப்பிரிவுக்கு அவசரப்பட வேண்டாம். தொல்பொருட்களைச் சிதையாமல் காக்கும் துறைக்கு அந்த அறிவுதான் வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த இரும்பில் உள்ள குளோரைட்டை நீக்காவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தும் உதிரும். பழைய செங்கல் சுவரைச் சீமெந்தால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு செங்கல்லுக்குள் படிந்து அதை நொறுக்கும். சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் கற்களுக்கு வண்ணம் பூசி எழுத்தை மூடிவிடுவது மனதை வருத்தும் காரியம். அதைத் தடுக்கவும், பூசியதைக் கல்லுக்குக் கேடில்லாமல் நீக்கவும் தெரிந்தவர்கள் நமக்குத் தேவை. விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, கொழும்பு 7இல் உள்ள தொல்பொருளியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் சேரும் வழியும் உண்டு. வேறு துறையில் படித்தவர்களும் அங்கு வருகிறார்கள்.

கலைப்பிரிவென்றால் வரலாறும் புவியியலும் கட்டாயம் எடுக்கட்டும். மூன்றாவது அவள் விருப்பம். யாழ்ப்பாணம், பேராதனை, களனி, ரஜரட்ட ஆகிய பல்கலைக்கழகங்களில் தொல்லியல் கற்கலாம். பட்டப்படிப்பின்போதே கணினியில் வரைபடம் தயாரிக்கும் புவியியல் தகவல் முறைமை (GIS), நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷன், மட்பாண்டம் வரைதல் ஆகியவற்றில் ஒன்றிலாவது கை தேர வேண்டும். ஒப்பந்த வேலைக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆர்வத்தில் ஊர்க் காணியில் தோண்டிப் பார்க்க விடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம், சொந்தக் காணியாக இருந்தாலும்தான்.

களப் பயிற்சிக்கு அனுப்பும்போது தங்குமிடம், கழிப்பறை, பெண் மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்க வேண்டும். வயலோரக் களமென்றால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், சேற்றில் நின்று வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.