சுத்தம் செய்யக் கூப்பிட்டால் ஊர்க்காரர்கள் வரவில்லையா?

ஆற்றைச் சுத்தம் செய்ய உங்கள் பாய்மரப் படகு கிளப் உறுப்பினர்கள் மட்டுமே வருகிறார்கள், ஊர்க்காரர்கள் "அது படகு வைத்திருப்பவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்குகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. படகில் ஏற்றாமல் குப்பை பொறுக்க மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

முதலில் படகில் ஏற்றுங்கள். அமெரிக்காவின் ஹட்சன் நதிக்காகப் பாடகர் பீட் சீகரும் நண்பர்களும் செய்தது அதைத்தான். 1969-ல் 'கிளியர்வாட்டர்' என்ற பாய்மரக் கப்பலை நீரில் இறக்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போய் நதியைக் காட்டினார்கள்.

அப்புறம், ஏறியவர்கள் கையில் ஒரு வேலை கொடுங்கள். நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு போதும்: 20 செ.மீ. வட்டம், நான்கு கால்பகுதிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி, அளவு குறித்த கயிறு. நங்கூரமிட்டு, படகின் நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் நீரின் தெளிவு. ஓடும் ஆற்றில் அடியில் நல்ல எடை கட்டாவிட்டால் கயிறு சாய்ந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டிவிடும். சின்னப் பிள்ளைகள் கூட "போச்சு! போச்சு!" என்று கத்திக்கொண்டே செய்வார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து அளந்து, எண்களைக் கரையில் பலகையில் எழுதிவையுங்கள். மழைக்குப் பின் எண் சரிந்தால் ஊரே காரணம் கேட்கும்.

உங்கள் படகுகளையும் கவனியுங்கள். வேறு நீர்நிலைக்குப் போகுமுன் கழுவி, நீரை வடித்து, உலர்த்துங்கள்; இல்லாவிட்டால் களைச்செடிகளை நீங்களே பரப்புவீர்கள்.