சான்றிதழ் கணவர் பெயரில் இருந்தால் தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்யலாமா?

கேள்வி: என் கணவர் எங்கள் ஊர் நகராட்சிப் பேருந்து நிலையத்தின் வெளிவாசலில் 12 ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்தார். அவர் பெயரில் நகராட்சி கொடுத்த விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் உள்ளன. அட்டை அடுத்த ஆண்டு வரை செல்லும். எட்டு மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். அதே இடத்தில் நான் வியாபாரத்தைத் தொடர்கிறேன். சுங்கக் குத்தகைதாரருக்குத் தினமும் பணம் கட்டிச் சீட்டும் வாங்குகிறேன். நான்கு நாட்களுக்கு முன் நகராட்சி ஊழியர்கள், 'அட்டைக்காரரே இல்லை, அட்டை செல்லாது' என்று சொல்லி வண்டி, தராசு, பழங்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை. 5,000 ரூபாய் கட்டினால்தான் வண்டி கிடைக்கும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, அட்டைக்காரர் இறந்ததும் அட்டை செல்லாமல் போய்விடும் என்று ஊழியர்கள் சொன்னது சரியன்று. 2014 ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 5 ஆவது பிரிவு, சான்றிதழ் பெற்றவர் இறந்தாலோ, நிரந்தர ஊனமுற்றாலோ, நோயுற்றாலோ அவருடைய குடும்பத்தில் ஒருவர் அவர் இடத்தில் வியாபாரம் செய்யலாம் என்று கூறுகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் மனைவி, அடுத்து சான்றிதழ் பெற்றவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள். ஆனால் இந்த உரிமை சான்றிதழ் காலாவதியாகும் நாள் வரை மட்டுமே நீடிக்கும். எனவே அந்த நாள் வருவதற்குள் உங்கள் பெயரில் சான்றிதழ் கோரி, சாலையோர வியாபாரிகளின் சான்றிதழ் விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கணவர் இறந்தபோதே குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. இப்போதாவது இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துக் கொடுங்கள்.

அடுத்தது வண்டியை எடுத்துச் சென்ற விதம். ஒரு வியாபாரியை அப்புறப்படுத்த வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 18 ஆவது பிரிவு சொல்கிறது. பொருட்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அதற்கடுத்த பிரிவில், அப்புறப்படுத்துவதோடு சேர்ந்த கூடுதல் நடவடிக்கையாகவே தரப்பட்டிருக்கிறது. ஆகவே முன்னறிவிப்பே இல்லாமல் நேராக லாரியோடு வந்தது சட்டம் சொல்லும் வழியன்று என்பது என் கருத்து. பறிமுதல் செய்யும் இடத்திலும் பொருட்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எடுத்தவர் கையொப்பமிட்ட நகலை உங்களிடம் தந்திருக்க வேண்டும். நீங்கள் உரிமை கோரிய பின் அழுகும் பொருட்களை அன்றைய தினமே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இந்தக் காலக்கெடு நீங்கள் கோரும் நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால், அலுவலகத்துக்கு நேரில் போய்க் கெஞ்சிவிட்டு வருவதால் பயனில்லை. இன்றே நகராட்சி ஆணையருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பழங்கள் போனது போனதுதான். அவற்றுக்கு இழப்பீடு தரச் சட்டத்தில் தனி வழி சொல்லப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் கேட்கலாம் என்றாலும், ஒரு நாள் சரக்குக்காக அதைச் செய்யும்படி நான் சொல்லமாட்டேன்.

5,000 ரூபாய் என்பதைப் பொறுத்தவரை, சான்றிதழே இல்லாமல் விற்பவருக்குக்கூட 28 ஆவது பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான். பொருளை மீட்க, இந்தச் சட்டத்தின் கீழ் அரசு வகுக்கும் திட்டத்தில் குறிக்கப்பட்ட கட்டணம் வேறு. அது எந்த விதியின் கீழ் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

சுங்கச் சீட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கிய கையோடு கசக்கி எறிவதுதான் நம் ஊர் வழக்கம். அந்தச் சீட்டு உரிமம் ஆகாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் நாள்தோறும் வியாபாரம் செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இருப்பவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள்.

அதே சமயம், அந்த வாசலையே உங்களுக்குச் சொந்தமான இடமாக எண்ணிவிட வேண்டாம். சான்றிதழ் பட்டா அன்று. 29 ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. முறையான அறிவிப்பு தந்து வேறு விற்பனை மண்டலத்துக்கு மாற்ற நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. சாலையோர வியாபாரம் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவின் கீழ் வரும் உரிமை என்று 1989 இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றே கூறியது.

மனுவுக்குப் பலன் இல்லையென்றால், சட்டத்தின் 20 ஆவது பிரிவின்படி அமைக்கப்பட வேண்டிய குறைதீர்க் குழுவிடம் முறையிடலாம். உங்கள் பெயரில் சான்றிதழ் தர நகர விற்பனைக் குழு மறுத்தால் நகராட்சியிடமே மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கணவரின் அட்டை, இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, சுங்கச் சீட்டுகள், ஒப்புகை பெற்ற மனு நகல் ஆகியவற்றோடு செல்லுங்கள்.